கித்தாரின் பிளாஸ்டிக்கும் அதன் நிறமும்

மின்கித்தார் இல்லாத மாணவர் விடுதி இன்று அரிது. மாலை வேளையில் எந்தத் தாழ்வாரத்தில் நடந்தாலும் ஒரு மூலையிலிருந்து அதன் ஒலி வருகிறது. வாங்கும்பொழுது நாம் அதன் உடலின் நிறத்தையே பார்க்கிறோம். சிவப்பா, கறுப்பா, மரத்தின் இயல்பான நிறமா என்று கடைக்காரரிடம் வாதிடுகிறோம். உடலின்மேல் பதிந்திருக்கும் வெள்ளைத் தகட்டையும் குமிழ்களையும் அப்பொழுது யாரும் கவனிப்பதில்லை. ஓராண்டு கழிந்த பின்னரே கண் அங்கே செல்கிறது. உடைந்த ஒரு குமிழுக்குப் பதிலாகப் புதியது வாங்கிப் பொருத்தினால், அது பால்போல் வெளுத்து நிற்கும்; பழையவையோ பழுப்பேறிக் கிடக்கும். ஒரே முகத்தில் இரண்டு வெள்ளை! அப்பொழுது எழுகிறது கேள்வி: இந்தப் பிளாஸ்டிக்கின் நிறத்தை நாமே மாற்றிக்கொள்ள முடியாதா?

முடியும். ஆனால் 'பிளாஸ்டிக்' என்பது ஒரு பொருளின் பெயரன்று. ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். அக்குடும்பத்தில் ஒன்று வெந்நீரில் நெளியும். ஒன்று அசிட்டோனில் கரையும். ஒன்று தீப்பொறி பட்டால் குப்பென்று எரியும். எந்தப் பிளாஸ்டிக் என்று அறியாமல் சாயச்சட்டியை அடுப்பில் ஏற்றுவது நல்லதன்று. ஆதலின் முதலில் பொருளை அறிவோம். நிறத்தைப் பிறகு பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் என்னும் கித்தாரையே கொள்வோம். நம் விடுதிகளில் உள்ள மலிவான கித்தார்களிற் பல இதன் நகல்களே. இதனை 1954-இல் வெளியிட்டவர் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துப் புல்லர்ட்டன் நகரைச் சேர்ந்த லியோ ஃபெண்டர். அவர் கணக்கர் பணிக்குப் பயின்றவர். 1938-இல் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்தவர். கித்தார் வாசிக்கத் தெரியாதவர். வானொலி பழுதுபார்த்த கைக்கு ஒரு வழக்கம் உண்டு: எல்லாவற்றையும் எளிதில் கழற்றவும் மாட்டவும் கூடியதாகச் செய்யும். அதனால்தான் ஸ்ட்ராடோகாஸ்டரின் மின்னமைப்பு ஏறத்தாழ முழுவதும் ஒரே பிளாஸ்டிக் தகட்டில் தொங்குகிறது. மரத்தை மீட்டுவில்லையின் கீறலிலிருந்து காப்பது இத்தகட்டின் ஒரு வேலை. வாசிப்போர் இதனைப் பிக்கார்டு என்கின்றனர். கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் மூன்று பிக்கப்புகளையும், அவற்றின் சுவிட்சையும், ஒலிக் குமிழ்களையும் தாங்குவது மற்றொரு வேலை. தகட்டைத் தவிரப் பிக்கப்புகளின் மூன்று மூடிகள், மூன்று குமிழ்கள், சுவிட்சின் முனை, அதிர்வுக் கைப்பிடியின் முனை, பின்புற மூடி ஆகியவையும் பிளாஸ்டிக்கே. கம்பி செருகும் சிறு கிண்ணம் மட்டும் உலோகம்.

இவை அனைத்தும் ஒரே வெள்ளையாகத் தோன்றினும் ஒரே பொருளால் ஆனவையல்ல. 1954-இல் வந்த மூடிகளும் குமிழ்களும் பாலிஸ்டைரீன். அவை எளிதில் நொறுங்கும் தன்மையன. மூடிகளின் விளிம்பு தேய்ந்து உள்ளிருக்கும் செப்புச் சுருள் எட்டிப் பார்க்கும். பழம்பொருள் சேகரிப்போர் இவற்றைப் 'பேக்கலைட்' என்று அழைப்பது பெயர்ப்பிழை. சில ஆண்டுகளிலேயே உறுதியான வேறு பிளாஸ்டிக் வந்தது. இன்று பெரும்பாலான மூடிகளும் குமிழ்களும் ஏ.பி.எஸ். என்னும் வகை. அக்ரிலோநைட்ரைல், பூட்டாடையீன், ஸ்டைரீன் என்னும் மூன்றன் சேர்க்கை அது. தகடோ இன்று பெரும்பாலும் பாலிவினைல் குளோரைடு, அதாவது பி.வி.சி. நம் வீட்டுக் குழாய்களின் உறவினன்.

இடையில் வந்த ஒரு பொருளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1954-இன் தகடு ஒரே அடுக்கு. 8 திருகுகளால் பொருத்தப்பட்டது. 1959-இல் வெள்ளை, கறுப்பு, வெள்ளை என மூன்று அடுக்குத் தகடு வந்தது. திருகுகளும் கூடிப் பின்னர் 11 என நிலைத்தன. விளிம்பைச் சரிவாகச் சீவியதால் நடுவடுக்கின் கறுப்பு ஒரு மெல்லிய கோடாகத் தெரியும், வேட்டிக்குக் கரைபோல. இந்த அடுக்குத் தகட்டின் பொருள் செல்லுலாயிட்.

செல்லுலாயிட் பிறந்த கதை சுவையானது. யானைத் தந்தத்தாற் செய்யும் பில்லியர்டு பந்துக்கு மாற்றுத் தேடிய அமெரிக்கர் ஜான் வெஸ்லி ஹயட் 1870-ஐ ஒட்டி இதனை உருவாக்கினார். பஞ்சை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் பதப்படுத்தினால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். அதனுடன் கற்பூரத்தைச் சேர்த்துச் சூட்டில் அழுத்தினால் செல்லுலாயிட். பஞ்சும் கற்பூரமும்! நம் வீட்டுப் பூசையறையில் விளக்கேற்ற வைத்திருக்கும் இரண்டு பொருள்கள். இரண்டும் சேர்ந்த ஒன்று எளிதில் தீப்பற்றுவதில் வியப்பென்ன? பழைய திரைப்படச் சுருள்கள் இதனால் ஆனவையே. அவற்றால் தீக்கிரையான திரையரங்குகள் பல. மேசைப்பந்து ஆடுவோர் அறிவர்: 2014 வரை பன்னாட்டுப் போட்டிகளின் பந்தும் செல்லுலாயிடுதான், அதன் பிறகே வேறு பிளாஸ்டிக் பந்து வந்தது. செல்லுலாயிட் எரிவதற்கு வெளியிலிருந்து உயிர்வளி மிகுதியாக வேண்டுவதில்லை. தன்னுள்ளேயே அதனை வைத்திருக்கிறது. போர்வையால் மூடினால் அணைந்துவிடும் என்று நம்புவது பேதைமை.

அழகுக்காக இதனை விரும்பினர். அழுங்காமையின் ஓட்டிலிருந்து முற்காலத்தில் சீப்பும் மீட்டுவில்லையும் செய்தார்கள். அவ்வோட்டின் செம்பழுப்புப் புள்ளி வண்ணத்தைச் செல்லுலாயிட் அப்படியே காட்டும். ஆமையோட்டு வாணிகம் 1977 முதல் பன்னாட்டு உடன்படிக்கையால் தடுக்கப்பட்டுள்ளது. போலியோ இன்றும் கித்தார்களில் விளங்குகிறது.

ஆனால் இப்பொருள் நிலையானதன்று. ஆண்டுகள் செல்லச் செல்லக் கற்பூரம் ஆவியாகிச் செல்லும்; தகடு சுருங்கும்; திருகுத் துளையருகே வெடிக்கும். நைட்ரோசெல்லுலோஸ் சிதையும்பொழுது வெளியாகும் அமில ஆவி அருகிலுள்ள உலோகத்தையும் அரிக்கும். நிறமும் மாறும். 1959-க்கும் 1965-க்கும் இடைப்பட்ட வெள்ளைத் தகடுகள் இன்று வெளிறிய பச்சைச் சாயலில் காணப்படுகின்றன. யாரும் தீட்டிய நிறமன்று அது, காலம் தந்தது. 1965 முதல் வெள்ளைத் தகடுகளுக்கு வினைல் வகை வந்துவிட்டது. வேடிக்கை என்னவெனில், முதுமையின் அந்தப் பச்சையை மக்கள் விரும்பத் தொடங்கியதால் இன்று புதிய பி.வி.சி. தகடுகளையே பிறக்கும்பொழுதே பச்சையாகச் செய்து விற்கின்றனர். நரையை விலைக்கு வாங்குவது கித்தார் உலகில்தான்.

எனவே முதல் விதி: பழைய தகடு ஒன்று உங்கள் கைக்கு வந்தால் அதன் ஒரு மூலையைத் துணியால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர மணம் வந்தால் அது செல்லுலாயிட். அதனை வெந்நீரிலோ அடுப்பருகிலோ வெயிலிலோ வைக்கவேண்டா. பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திச் சோதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அறை முழுவதும் புத்தகமும் மெத்தையும் நிறைந்த விடுதியில் அச்சோதனை கூடாது. அத்தகைய தகட்டின் நிறத்தை மாற்றாமலிருப்பதே அறிவுடைமை. அதன் விலையும் அந்த நிறத்தில்தான் இருக்கிறது. நம் மாணவர்களின் கித்தார்களில் இத்தகடு இருப்பது அரிது என்பது ஓர் ஆறுதல்.

நிறம் மாற்ற எளிய வழி, தகட்டையே மாற்றுவது. பிங்க் ஃபிளாய்டு இசைக்குழுவின் டேவிட் கில்மர் 1970-இல் வாங்கிய கறுப்பு ஸ்ட்ராடோகாஸ்டருக்கு முதலில் வெள்ளைத் தகடே இருந்தது. 1974-இல் அதனை நீக்கிக் கறுப்புத் தகடு பொருத்தினார். வெள்ளை மூடிகளையும் குமிழ்களையும் விட்டுவைத்தார். கறுப்பின்மேல் கறுப்பும், அதன்மேல் சில வெள்ளைப் பொட்டுகளும்: அந்தத் தோற்றமே உலகறிந்ததாயிற்று. 2019 ஜூன் மாதம் அக்கித்தார் நியூயார்க்கில் 39 இலட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. தகட்டின் நிறத்துக்காக அவ்விலை வந்ததென்று நான் சொல்லவில்லை. எனினும் 'கறுப்பு ஸ்ட்ராட்' என்றதும் நம் கண்முன் நிற்பது அந்தத் தகடுதான்.

அவருக்குக் கிடைத்த எளிமை நமக்குக் கிடைப்பதில்லை. நகல் கித்தார்களைச் செய்வோர் திருகுத் துளைகளை ஆளுக்கோர் இடத்தில் போடுகின்றனர். வாங்கிய தகட்டில் 11 துளைகளில் 7 பொருந்தும், 4 பொருந்தா. பிக்கப்பின் காந்தத் தண்டுகளுக்கிடையேயான தொலைவும் சிறிது வேறுபடும். மூடியின் துளைகள் அதனோடு இசையா. ஆகவே உள்ள பாகத்தின் நிறத்தையே மாற்றுவதற்கு ஒரு நியாயம் உண்டு.

இங்கே வேதியியல் வேண்டும். கடையில் பொட்டலமாக விற்கும் துணிச்சாயத்தை வாங்கிக் கரைத்துப் பிக்கப் மூடியை அதில் போட்டால் என்ன ஆகும்? நீர் நிறமாகும், கை நிறமாகும், மூடி மட்டும் போட்டபடியே வெளிவரும். பருத்திச் சாயம் பஞ்சிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஏ.பி.எஸ்.-இல் அத்தொகுதி இல்லை. பற்றிக்கொள்ளக் கொம்பு இல்லாத கொடி எங்கே படரும்?

பிளாஸ்டிக்குக்கு வேண்டியது டிஸ்பர்ஸ் சாயம் எனப்படும் வகை. 1920-களில் அசிட்டேட் பட்டுக்கென்று உருவானது. இன்று பாலியஸ்டர்த் துணிக்குப் பெரிதும் பயன்படுகிறது. சூரத்தில் நெய்யும் பாலியஸ்டர்ச் சேலைகளின் நிறமெல்லாம் இவ்வகையே. இதன் மூலக்கூறுகள் சிறியவை, மின்னூட்டம் அற்றவை, நீரில் அரிதாகவே கரையும். நீரில் மிதக்கும் நுண்துகள்களாக நின்று, நீரைவிடப் பிளாஸ்டிக்கே தமக்கு இணக்கமான இடம் என்று அதனுள் புகுந்துவிடும். மாவடு உப்புநீரில் ஊறும்பொழுது உப்பு தோலிலிருந்து உள்ளே மெல்லச் செல்வதைப் பார்த்திருக்கிறோம். அது போன்றதே இது. வண்ணப்பூச்சு மேலே ஒட்டிக்கொண்டு நிற்பது. சாயமோ உள்ளே கரைந்து நிற்பது. மீட்டுவில்லை தேய்த்தாலும் எளிதில் போகாது.

உள்ளே புகுவதற்கு வழி திறப்பது வெப்பம். பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் குளிரில் அசைவற்றுக் கிடக்கும். சூடேற ஏறத்தான் சிறிது நெகிழ்ந்து இடம் கொடுக்கும். பாலியஸ்டரை ஆலைகளில் அழுத்தத்துடன் 130 டிகிரி சென்டிகிரேடு வரை காய்ச்சுவது இதனால்தான். ஆனால் சங்கிலிகள் மிகவும் நெகிழ்ந்துவிட்டால் பாகத்தின் வடிவமே போய்விடும். ஏ.பி.எஸ். ஏறத்தாழ 105 டிகிரியில் இளகத் தொடங்கும், பி.வி.சி. ஏறத்தாழ 80 டிகிரியிலேயே. எனவே மூடிகளையும் குமிழ்களையும் 80 முதல் 90 டிகிரி வரை சூடாக்கலாம், கொதிக்க விடக்கூடாது. தகட்டையோ 60 டிகிரிக்குமேல் கொண்டுபோவது ஆபத்து. அந்தச் சூட்டில் அது சாயத்தைக் கொஞ்சமே ஏற்கும். வெள்ளைத் தகட்டைச் சந்தன நிறமாக்கலாம். கறுப்பாக்க எண்ணுவது வீண் ஆசை. நெளிந்த தகடு மீண்டும் தட்டையாகப் படியாது; 11 திருகாலும் அதனை அடக்க முடியாது. கணக்கிட்டுப் பார்த்தால், இம்முயற்சியில் நாம் இழக்கக்கூடியது இந்தத் தகடு ஒன்றே. அதற்கு மாற்றுக் கிடைக்காது என்பதையும் மறவாதீர்கள்.

வேலைக்கு இறங்குமுன் பாகத்தைக் கழற்ற வேண்டும். கம்பிகளைத் தளர்த்தி நீக்குங்கள். குமிழ்களைத் திருகுளியால் நெம்பாமல் அவற்றின் அடியில் ஒரு துணிப்பட்டையைச் செருகி மேல்நோக்கி இழுங்கள். தகட்டை மெல்லத் தூக்கினால் அதிலிருந்து செல்லும் இரண்டு மூன்று கம்பிகள் தெரியும். ஒன்று பின்புறம் விற்சுருள்கள் மாட்டிய உலோகத்துக்குச் செல்லும் நிலக்கம்பி. பற்றவைப்பை எடுக்குமுன் எது எங்கே என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

பிக்கப் மூடியைக் கழற்றுவதுதான் இவ்வேலையில் நெஞ்சு படபடக்கும் இடம். மூடிக்குள் இருப்பது தலைமயிரினும் மெல்லிய செப்புக் கம்பி, ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் தடிமன். ஸ்ட்ராடோகாஸ்டரில் சுமார் 8000 சுற்றுகள். நகம் பட்டு ஒரு சுற்று அறுந்தாலும் பிக்கப் ஊமையாகிவிடும். சில மலிவான பிக்கப்புகளில் மூடியை மெழுகால் ஒட்டியிருப்பார்கள். இழுத்து வாராவிட்டால் அதனை அப்படியே விட்டுவிடுங்கள். பிக்கப்போடு சேர்த்துச் சாயநீரில் முக்கலாம் என்ற எண்ணம் மட்டும் யாருக்கும் வரவேண்டா.

கழற்றிய பாகத்தைச் சோப்பு நீரில் நன்றாகக் கழுவுங்கள். விரலெண்ணெய் பட்ட இடம் சாயம் ஏற்காமல் திட்டுத்திட்டாக நிற்கும். நகப்பூச்சு நீக்கும் நீரால் துடைக்கவே கூடாது. அதிலுள்ள அசிட்டோன் ஏ.பி.எஸ்.-ஐக் கரைத்துவிடும். ஓர் எவர்சில்வர் பாத்திரத்தில் நீரைச் சூடாக்கிச் சாயத்தைக் கலந்து, கம்பியில் கோத்த பாகத்தை அடியில் படாமல் தொங்கவிட வேண்டும். அடிப்பாத்திரத்தின் சூடு நீரின் சூட்டைவிட மிகுதி என்பதை மறவாதீர்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து வெண்தாளின்மேல் வைத்துப் பாருங்கள்; ஈரத்தில் நிறம் சற்று ஆழமாகத் தெரியும். வெள்ளை சந்தனமாவதற்குச் சில நிமிடங்களே போதும். முழுக்கறுப்புக்கு ஒரு மணி நேரமும் போதாமற் போகலாம். ஊதாவிலோ சாம்பலிலோ நின்றுவிடும். கறுப்பு வேண்டுமென்றால் கறுப்பு மூடியை வாங்குவதே மேல். குமிழின்மேல் அச்சிட்ட எண்களும் சேர்ந்தே நிறம் மாறும் என்பதையும் நினைவிற் கொள்க. சாயம் காய்ச்சிய பாத்திரத்தை மீண்டும் சமையலுக்கு எடுக்கக் கூடாது, சன்னல் திறந்திருக்கட்டும், கையுறை அணிக.

சாயத்துக்குப் பதிலாகத் தேநீரிலும் காப்பியிலும் மூடிகளை ஊறவைப்போரும் உண்டு. கடுந்தேநீரில் ஓரிரவு கிடந்தால் வெண்மையின் கூச்சம் சற்றுத் தணிந்து வைக்கோல் நிறம் பெறும். இது பெரும்பாலும் மேற்புறக் கறையே. தேய்க்கத் தேய்க்கக் குறையும். ஆயினும் ஆபத்து இல்லை, செலவும் இல்லை. புதிய மூடியைப் பழைய குமிழோடு இசைவிக்க முதலில் இதனைச் செய்து பார்ப்பதே என் பரிந்துரை. டிகிரி காப்பியை இதற்குச் செலவிட நம்மவர்க்கு மனம் வாராது, தேநீரே போதும்.

எவ்வகைச் சாயமும் நிறத்தை ஆழமாக்கும், வெளுக்கச் செய்யாது. கறுப்பை வெள்ளையாக்க வேண்டுமானால் பூச்சுத்தான் வழி. பழுத்துப்போன ஏ.பி.எஸ். மட்டும் விதிவிலக்கு. அதிலுள்ள பூட்டாடையீன் ஒளியாலும் காற்றாலும் உயிர்வளியேற்றம் அடைவது பழுப்புக்கு ஒரு காரணம். ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்து வெயிலில் வைத்தால் பழுப்பு நீங்கும் என்று பழைய கணினிப் பெட்டிகளைப் புதுப்பிப்போர் 2008 முதல் செய்து வருகின்றனர். நீங்கிய பழுப்பு சில ஆண்டுகளில் திரும்புவதும் உண்டு. செறிந்த பெராக்சைடு தோலைச் சுடும், கண்ணைக் கெடுக்கும்.

தகட்டுக்குப் பூச்சு அடிப்பதானால் 800-ஆம் எண் உப்புத்தாளால் பளபளப்பைப் போக்கி, பிளாஸ்டிக்குக்கென்ற அடிப்பூச்சு அடித்து, அதன்மேல் மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை அடிக்க வேண்டும். என்ன செய்தாலும் மீட்டுவில்லை படும் இடத்தில் ஒருநாள் உரியும். இதற்கு ஓர் அழகான மாற்று உண்டு. ஒளி ஊடுருவும் அக்ரிலிக் தகட்டைப் பழைய தகட்டின் அளவுக்கே வெட்டி, பூச்சை அதன் பின்புறத்தில் அடிப்பது. முன்னே கண்ணாடிபோல் பளபளப்பு, பின்னே நிறம். மீட்டுவில்லை நிறத்தைத் தொடவே முடியாது. பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் அக்ரிலிக்கை வெட்டித் தருவார்கள். நம் பழைய தகட்டையே மாதிரியாகக் கொடுத்தால் துளைகளும் நம் கித்தாருக்கே பொருந்தும். முன்பு சொன்ன துளைத் தொல்லையும் தீர்ந்தது. இவ்வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய தகடும் கெடாமல் பெட்டியில் இருக்கும். கித்தாரை விற்கும் நாளில் திரும்ப மாட்டிவிடலாம். வெட்டிய அக்ரிலிக்கைச் சாராயத்தாலோ அசிட்டோனாலோ துடைக்க வேண்டா. விளிம்பில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும்.

மீண்டும் பொருத்தும்பொழுது தகட்டின் பின்னால் ஒட்டியிருந்த உலோகத் தாளை மறக்காதீர்கள். குமிழ்களின் அடியில் உள்ள அத்தாள், விடுதிக் குழல்விளக்கின் இரைச்சல் கித்தாருக்குள் புகாமல் தடுப்பது. அதனையும் நிலக்கம்பியையும் விட்டுவிட்டால் புதிய நிறத்தோடு ஒரு புதிய 'கொர்' ஒலியும் வந்து சேரும். திருகுகளை எல்லாம் முதலில் பாதியளவே முடுக்கி, தகடு இழுபடாமல் அமர்ந்ததைப் பார்த்த பின் ஒவ்வொன்றாக முழுதும் முடுக்குங்கள். மரம் மென்மையானது, அழுத்தி முடுக்கினால் துளை தளர்ந்துவிடும். தளர்ந்த துளைக்கு ஒரு தீக்குச்சித் துண்டும் சிறிது மரப்பசையும் போதும்.